தளும்பாமல் நகர்த்தும் கணக்கு

பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவன் இயற்பியலாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுந்தால், அதற்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், முதுகலை மாணவர்களுக்குப் புள்ளியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், சமூக அறிவியலில் புள்ளியியல் விதிகளுக்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்கு விடை தேடி நூலகத்தில் அலைந்தேன். அப்போது கைக்குக் கிடைத்த ஒரு சிறு கட்டுரை என்னைத் திகைக்க வைத்தது. எழுதியவர் பொருளாதார அறிஞர் அல்லர். இத்தாலியைச் சேர்ந்த கோட்பாட்டு இயற்பியலாளர். பெயர் எத்தோரே மயோரானா. கட்டுரை அச்சேறிய ஆண்டு 1942. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, தம் 31-ஆம் வயதில், அவர் மறைந்துவிட்டிருந்தார். 'மறைந்தார்' என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே இங்கே பயன்படுத்துகிறேன்.

இன்று குவாண்டம் கணினிகளைப் பற்றி வரும் செய்திகளில் அவர் பெயர் அடிக்கடி தென்படுகிறது. ஒரு சில்லுக்கே அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சில்லைவிட, அதிகம் பேசப்படாத அவருடைய வேறொரு கணக்குதான் இந்தத் துறைக்கு அன்றாடம் உதவிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

மயோரானா 1906 ஆகஸ்ட் 5 அன்று சிசிலித் தீவின் கத்தானியா நகரில் பிறந்தார். அந்தக் குடும்பத்துக்கு அறிவும் அதிகாரமும் பழக்கப்பட்டவை. தாத்தா சல்வத்தோரே மயோரானா அரசியல் பொருளாதாரப் பேராசிரியர். இத்தாலியின் வேளாண்மை, தொழில், வணிகத் துறைகளுக்கு அமைச்சராக இருந்தவர். பெரியப்பா, சித்தப்பாக்களில் ஒருவர் நிதியமைச்சர். இன்னொருவர் பொருளாதாரப் பேராசிரியர். கத்தானியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். மற்றொருவர் இயற்பியலாளர். தந்தை பொறியாளர். பையனுக்கு நான்கு வயதிருக்கும்போதே, வீட்டுக்கு வருவோர் பெரிய எண்களைக் கொடுத்துப் பெருக்கச் சொல்வார்களாம். கூச்சத்தில் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, அங்கிருந்தபடியே விடை சொல்வானாம். பிற்காலத்தில் நடந்தவற்றை அறிந்தபின் இந்தச் செய்தியைப் படிக்கும்போது சிரிப்பு வருவதில்லை. விடையைக் கொடுத்துவிட்டு ஆளை மறைத்துக்கொள்ளும் பழக்கம் அவ்வளவு சிறுவயதிலேயே தொடங்கிவிட்டது.

ரோமில் பள்ளிப்படிப்பு, பிறகு குடும்ப வழக்கப்படி பொறியியல். உடன் படித்த எமிலியோ செக்ரே இயற்பியலுக்கு மாறியபோது இவரையும் அழைத்தார். அப்போது பனிஸ்பெர்னா தெருவில் இருந்த இயற்பியல் நிறுவனத்தில் என்ரிகோ ஃபெர்மி இளைஞர் குழு ஒன்றைத் திரட்டிக்கொண்டிருந்தார். முதல் சந்திப்பில், அணுவின் மின்புலம் குறித்துத் தாம் பெருமுயற்சியுடன் கணக்கிட்ட எண்களின் அட்டவணையை ஃபெர்மி காட்டினார். மயோரானா அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார். மறுநாள் காலை ஒரு துண்டுத் தாளுடன் வந்தார். இரவோடு இரவாக அதே கணக்கை வேறு வழியில் தாமே போட்டிருந்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஃபெர்மியின் அட்டவணை சரியாகத்தான் இருக்கிறது என்று சான்று வழங்கினார். அதன்பிறகே அந்தக் குழுவில் சேர்ந்தார். ஆசிரியர் மாணவரைத் தேர்ந்தெடுப்பதுதான் உலக வழக்கம். இங்கே தேர்வு எதிர்த்திசையில் நடந்தது. குழுவினர் ஃபெர்மிக்கு வைத்த பட்டப்பெயர் போப்பாண்டவர். குறை காண்பதில் இரக்கமற்றவராக இருந்ததால் மயோரானாவுக்கு வைத்த பெயர் தலைமை விசாரணையாளர். அந்த விசாரணை பிறரைவிடத் தம்மீதே கடுமையாக நடந்தது. சிகரெட் பெட்டியின் மேல் கணக்குகளை எழுதுவார், நண்பர்களுக்கு விளக்குவார், சிகரெட் தீர்ந்ததும் பெட்டியைக் கசக்கி எறிந்துவிடுவார்.

அப்படி எறியப்படாமல் தப்பியவற்றில் ஒன்று 1932-இல் வெளிவந்தது. மாறும் காந்தப்புலத்தில் அணுக்கள் எவ்வாறு திசைகொள்ளும் என்பது அதன் பொருள். அதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அணுவை ஒரு சிறு காந்த ஊசியாகக் கருதலாம். வெளியிலுள்ள காந்தப்புலத்தின் திசை மெதுவாகத் திரும்பினால், ஊசியும் அதனுடன் திரும்பும். புலம் வேகமாகத் திரும்பினால் ஊசியால் உடன்வர இயலாது, பின்தங்கும், ஒருகட்டத்தில் தலைகீழாகவே நின்றுவிடும். புலத்தின் வலிமை ஏறத்தாழ மறைந்துபோகும் இடத்துக்கு அருகே அணு பாயும்போது இந்த ஆபத்து மிகுதி. குவாண்டம் மொழியில் சொன்னால், இரண்டு ஆற்றல் நிலைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்து, தொடாமல் விலகும் ஓர் இடம் அது. அங்கே அணு தன் நிலையிலேயே நீடிக்குமா, அடுத்த நிலைக்குத் தாவிவிடுமா? தாவுவதற்கான நிகழ்தகவை மயோரானா துல்லியமாகக் கணக்கிட்டுக் கொடுத்தார்.

அதே 1932-இல், சோவியத் ஒன்றியத்தில் லெவ் லாண்டாவும், கிளாரன்ஸ் ஸீனர், ஸ்டூக்கல்பெர்க் ஆகிய வேறு இருவரும், வெவ்வேறு சிக்கல்களிலிருந்து புறப்பட்டு இதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள். பாடநூல்கள் நெடுங்காலம் லாண்டாவ், ஸீனர் இருவரின் பெயரை மட்டுமே சொல்லிவந்தன. இப்போதுதான் நால்வர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பரவுகிறது. மயோரானாவின் கணிப்பைச் சோதிக்க செக்ரேயும் ஃபிரிஷும் ஹாம்பர்க்கில் ஆய்வு நடத்தினர். முடிவுகள் முழுமையாகப் பொருந்தவில்லை. அணுக்கருவின் சுழற்சியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதைப் பின்னர் ராபி காட்டிய பிறகே பொருத்தம் ஏற்பட்டது.

அந்த முடிவின் உள்ளடக்கத்தைச் சூத்திரம் இல்லாமலே சொல்லிவிடலாம். நிலைகளுக்கு இடையிலான இடைவெளி பெரிதாக இருந்தால் பிழை குறையும். கடக்கும் வேகம் கூடினால் பிழை பெருகும். இது யாரும் ஊகிக்கக்கூடியதே. வியப்பு அளவில்தான் இருக்கிறது. ஒரு வேகத்தில் கடக்கும்போது பிழைக்கான வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வேகத்தைப் பாதியாக்கினால் அது நூற்றில் ஒன்றாகும். கால் பங்காக்கினால் பத்தாயிரத்தில் ஒன்றாகும். வேகத்தை மாற்றாமல் இடைவெளியை மட்டும் இருமடங்காக்கினாலும் அதே பத்தாயிரத்தில் ஒன்று கிடைக்கும். சிறிது பொறுமைக்கு இவ்வளவு பெரிய வட்டி தரும் முதலீடு எதையும் என் பாடப்பிரிவில் நான் கண்டதில்லை.

அப்படியானால் மெதுவாகவே போகலாமே என்று தோன்றும். அதில்தான் இன்றைய குவாண்டம் கருவிகளின் இக்கட்டு இருக்கிறது. சிலிக்கான் சில்லில் ஓர் எலக்ட்ரானின் சுழற்சியில் தகவலைப் பதித்து வைக்கிறார்கள். அதை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசெல்ல, மின்வாய்களில் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி, அலைமேல் மிதக்கும் சருகுபோல எலக்ட்ரானை நகர்த்துகிறார்கள். வழிநெடுகிலும் ஆற்றல் நிலைகள் நெருங்கும் இடங்கள் உண்டு. விரைந்து கடந்தால், 1932-இன் கணக்குப்படி நிலை தாவிவிடும். மெதுவாகக் கடந்தால், சுற்றுப்புறத்தின் இரைச்சல் அந்த நுண்ணிய நிலையைக் கரைத்துவிடும். அடியில் ஓட்டை விழுந்த குடத்தில் விளிம்புவரை தண்ணீர் எடுத்துப் போவது போன்ற நிலை இது. ஓடினால் தளும்பும், நின்று நடந்தால் ஒழுகும். இரண்டுக்கும் இடையே ஒரு வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அல்லது இடைவெளி குறுகும் இடத்தில் நிதானித்து, அகலும் இடத்தில் விரையும்படி பயணத்தைத் திட்டமிட வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள், ஒரு குறுகிய பாதையில் முன்னும் பின்னுமாக எலக்ட்ரானை நகர்த்தி, மொத்தம் 10 மைக்ரோமீட்டர் தொலைவை 200 நானோ நொடிக்கும் குறைவான நேரத்தில், சராசரியாக 99.5 விழுக்காடு நம்பகத்தன்மையுடன் கடக்கச் செய்திருக்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு அந்தத் தொலைவு. ஆனால் ஒரு சில்லின் உள்ளே அது நெடும்பயணம்.

திட்டப்பொருள் கருவிகளுக்கு வெளியிலும் அந்தக் கணக்கு தலைகாட்டியது. 1995-இல் அமெரிக்காவின் இரு ஆய்வகங்கள் அணுக்களைக் காந்தப் பொறியில் அடைத்துக் குளிர்வித்துப் புதிய பருப்பொருள் நிலையை உருவாக்கியபோது, பொறியின் நடுவே புலம் சுழியாகும் புள்ளியில் அணுக்கள் தலைகீழாகி ஒழுகிப் போயின. ஒரு குழு அந்தத் துளையை லேசர் ஒளியால் அடைத்தது. மற்றொரு குழு அந்தப் புள்ளியையே சுற்றவைத்து ஏமாற்றியது. அந்த ஒழுக்குக்கு மயோரானாவின் பெயரே வழங்குகிறது.

வாழ்க்கைக்குத் திரும்புகிறேன். 1932-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாரிஸில் ஜோலியோ-கியூரி இணையர் வெளியிட்ட ஆய்வு முடிவைப் படித்த மயோரானா, அவர்கள் மின்சுமையற்ற புரோட்டானைக் கண்டிருக்கிறார்கள், ஆனால் அதை உணரவில்லை என்று நண்பர்களிடம் சொன்னாராம். சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்த செய்தி பின்னரே வந்தது. புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து அணுக்கருவாவது எப்படி என்பதற்கான கோட்பாட்டையும் அவர் வரைந்து வைத்திருந்தார். வெளியிடும்படி ஃபெர்மி வற்புறுத்தினார், மறுத்தார். பாரிஸ் மாநாட்டில் அதைக் குறிப்பிட ஃபெர்மி அனுமதி கேட்டார், அதையும் மறுத்தார். அந்த ஆண்டிலேயே ஹைசன்பெர்க் அத்துறையில் தம் கட்டுரையை வெளியிட்டார். மயோரானாவுக்கு வருத்தமே இல்லை. தாம் எழுத வேண்டிய வேலை மிச்சமாயிற்று என்ற நிம்மதிதான்.

1933-இல் லைப்சிக் சென்று ஹைசன்பெர்க்குடன் சில மாதங்கள் பணியாற்றினார். அவர் சொல்லைத் தட்டாமல் அணுக்கரு பற்றிய தம் ஆய்வை ஜெர்மன் இதழில் வெளியிட்டார். நாஜிகள் ஆட்சியைப் பிடித்த வேளை அது. அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களில் புதிய ஆட்சியை நியாயப்படுத்தும் தொனி இருந்தது. யூதரான செக்ரேயை அது புண்படுத்தியது. மேதைமையை வியக்கும் கட்டுரைகள் பலவும் இதைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. நான் அவ்வாறு கடக்க விரும்பவில்லை.

ரோம் திரும்பியபின் நான்கு ஆண்டுகள் ஏறத்தாழ வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். இரைப்பை அழற்சி வாட்டியது. 1934-இல் தந்தை இறந்தார். நிறுவனத்துக்குப் போவது குறைந்து, பிறகு நின்றேவிட்டது. நண்பர்கள் முடிதிருத்துநரை வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டியிருந்தது. நான் முதலில் குறிப்பிட்ட கட்டுரை இந்தத் தனிமைக்காலத்தின் விளைவு என்று கருத இடமுண்டு. சமூகவியல் இதழொன்றுக்காக எழுதியதை இழுப்பறையில் போட்டுவிட்டார். அவர் மறைந்தபின் நண்பர் ஜொவான்னி ஜெந்திலே அதை அச்சேற்றினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005-இல் நிதியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது.

சமூக அறிவியலார் நெடுங்காலமாக இயற்பியலைப் பொறாமையுடன் பார்த்துவந்திருக்கிறோம். கோள்களின் பாதைபோல விலைகளின் பாதையையும் உறுதியாகச் சொல்லிவிடலாம் என்ற ஆசை எங்களுக்கு உண்டு. அது கைகூடாதபோது புள்ளியியலை அரைகுறை மாற்றாக ஏற்றுக்கொண்டோம். மயோரானா இதைத் தலைகீழாகத் திருப்பினார். இயற்பியலின் அடித்தளமே நிகழ்தகவுதான் என்று குவாண்டம் கோட்பாடு காட்டிவிட்டது. எனவே புள்ளியியல் விதி என்பது அறியாமைக்குப் போட்ட திரை அன்று. உலகின் இயல்பே அதுதான். ஒரே ஓர் அணு சிதைந்தால் போதும், தக்க கருவி இருந்தால் அது பெருகிக் கண்ணுக்குத் தெரியும் நிகழ்ச்சியாகிவிடும்; மனித வரலாற்றிலும் அவ்வாறு நுண்ணிய, எடைபோட இயலாத ஏதோ ஒன்று பெரும் நிகழ்வுகளைத் தூண்டக்கூடும் என்றும் அவர் கருதினார். இந்தப் பிற்பகுதியோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒப்புமையை அவர் சற்று நீட்டிவிட்டார். ஆனால் முற்பகுதி என் வகுப்பறையின் தொனியை மாற்றியது. அதன்பிறகு பிழை எல்லையை மன்னிப்புக் கேட்கும் குரலில் நான் கற்பித்ததில்லை.

1937-இல் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியர் பதவிகளுக்குப் போட்டி அறிவிக்கப்பட்டது. மயோரானா எதிர்பாராமல் விண்ணப்பித்தார். அதே ஆண்டில், எலக்ட்ரான், பாசிட்ரான் இரண்டையும் சமச்சீராகப் பார்க்கும் புதிய கோட்பாட்டையும் வெளியிட்டார். மின்சுமையற்ற ஒரு துகள் தனக்குத்தானே எதிர்த்துகளாகவும் இருக்கலாம் என்பது அதன் விளைவு. நியூட்ரினோ அத்தகையதா என்ற கேள்விக்கு இயற்பியலாளர்கள் இன்றும் விடை தேடுகிறார்கள். ஃபெர்மி தலைமையிலான தேர்வுக் குழு, இவரைப் பிறருடன் ஒப்பிட விரும்பாமல், போட்டிக்கு வெளியே நியமிக்குமாறு அமைச்சருக்குப் பரிந்துரைத்தது. நேப்பிள்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கிடைத்தது.

வாழ்நாளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் மொத்தம் ஒன்பது. இந்த எண்ணைப் படித்தபோது எனக்குள் ஒன்று குத்தியது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் தேர்வுக் குழுவில் நான் உறுப்பினராக இருந்தேன். எங்கள்முன் வந்தவர்களில் ஒருவரிடம் நாற்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகள். இன்னொருவரிடம் மூன்றே மூன்று. மூன்றையும் நான் படித்திருந்தேன். அவை எவ்வளவு நல்லவை என்பதும் எனக்குத் தெரியும். மதிப்பெண் படிவத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கைக்குத்தான் கட்டம் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை, கையெழுத்திட்டேன்.

1938 ஜனவரியில் மயோரானா வகுப்பெடுக்கத் தொடங்கினார். மாணவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், பெண்களே மிகுதி. மார்ச் 25 வெள்ளிக்கிழமை, நிறுவன இயக்குநர் கரெல்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். தவிர்க்க முடியாத முடிவொன்றை எடுத்துவிட்டதாகவும், அதனால் மாணவர்களுக்கு ஏற்படும் இடையூறுக்கு வருந்துவதாகவும் அதில் இருந்தது. விடுதி அறையில் குடும்பத்தாருக்கும் ஒரு குறிப்பு: துக்க உடை அணிய வேண்டாம், அணிந்தே தீர வேண்டுமென்றால் மூன்று நாள்களுக்கு மேல் வேண்டாம் என்பது அதன் சாரம். அன்றிரவு பலெர்மோ செல்லும் கப்பலில் ஏறினார். மறுநாள் பலெர்மோவிலிருந்து கரெல்லிக்கு ஒரு தந்தி. முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று. தொடர்ந்து ஒரு கடிதம். கடல் தம்மை ஏற்க மறுத்துவிட்டதாகவும், நேப்பிள்ஸ் திரும்புவதாகவும், ஆனால் கற்பித்தலை விட்டுவிடப் போவதாகவும் எழுதியிருந்தார். பிறகு அவரைக் காணவில்லை. கடவுச்சீட்டும் கணிசமான பணமும் அவருடனே போயிருந்தன.

தாயார் முசோலினிக்கு எழுதினார், ஃபெர்மியும் எழுதினார். தேடல் பயனளிக்கவில்லை. தற்கொலை, துறவு மடம், அர்ஜென்டினா எனப் பல கதைகள் எழுந்தன. லியோனார்தோ ஷாஷா 1975-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ரோம் அரசு வழக்குரைஞர் அலுவலகம் 2011-இல் வழக்கை மீண்டும் திறந்து, 1955 முதல் 1959 வரை அவர் வெனிசுவேலாவில் உயிருடன் இருந்தார் என்ற முடிவோடு 2015-இல் மூடியது. அதற்கு அடிப்படையான ஒரு நிழற்படத்தை எல்லோரும் நம்பிவிடவில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர் இன்று இல்லை என்பது மட்டும் உறுதி. இறந்த நாள்தான் எந்த ஏட்டிலும் இல்லை.

1937-இன் துகளுக்கு எதிர்பாராத மறுவாழ்வு கிடைத்தது. மீக்கடத்தியோடு இணைந்த மிக மெல்லிய கம்பியின் இரு முனைகளிலும், ஓர் எலக்ட்ரான் நிலையின் இரு பாதிகள் தனித்தனியே தங்கக்கூடும் என்று 2001-இல் அலெக்சி கித்தாயெவ் காட்டினார். பத்திரம் ஒன்றை இரண்டாகக் கிழித்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டால், ஒரு முனையில் நடக்கும் தில்லுமுல்லு எதுவும் பத்திரத்தைக் கெடுக்காது அல்லவா? அதுபோல, ஒரு முனையில் ஏற்படும் இரைச்சல் அங்கே வைத்த தகவலை அழிக்காது. இந்தப் பாதிகளுக்குத்தான் மயோரானாவின் பெயர். 2012-இல் டெல்ஃப்டில் அறிகுறிகள் தெரிந்ததாக அறிவிப்பு வந்தது. 2018-இல் உறுதியான சான்று என்று வெளியான கட்டுரை 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மயோரானா 1 என்ற சில்லை அறிவித்தது. சான்று போதாது என்று இயற்பியலாளர் பலர் மறுத்தனர். கையிலிருந்த சரியான கோட்பாட்டையே வெளியிட மறுத்தவரின் பெயரில் இத்தனை அவசரம். நம் நாடும் 2023-இல் ரூ.6,003.65 கோடியில் தேசிய குவாண்டம் இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது. 2030-31 வரை அதற்குக் காலம். இலக்கு ஆண்டுகளைக் குறிப்போர் பிழைக்கான வாய்ப்பையும் பக்கத்திலேயே குறித்தால் நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பாதிகள் உண்மையிலேயே கிடைத்துவிட்டாலும், அவற்றை ஒன்றையொன்று சுற்றி, பின்னல் போடுவதுபோல நகர்த்தினால்தான் கணக்கீடு நடக்கும் என்பது தொடக்ககாலத் திட்டம். வேகமாக நகர்த்தினால் மீக்கடத்தியின் ஆற்றல் இடைவெளியைத் தாண்டி நிலை கலைந்துவிடும். மெதுவாக நகர்த்தினால் வெளியிலிருந்து ஒரு வழிதவறிய எலக்ட்ரான் புகுந்து கெடுத்துவிடும். எவ்வளவு வேகம் தாங்கும் என்று தீர்மானிக்க, மயோரானாவின் துகளுக்கு மயோரானாவின் 1932-ஆம் ஆண்டுக் கணக்கே தேவைப்படுகிறது. ஐந்தாண்டு இடைவெளியில் ஒருவர் எழுதிய, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு கட்டுரைகள் இப்படிச் சந்திக்கும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். இந்தச் சிக்கலைத் தவிர்க்க, துகளை நகர்த்தாமல் அளவீடுகளின் வழியாகவே அதே விளைவைப் பெறும் முயற்சிகளும் நடக்கின்றன.

கப்பலேறிய அந்த வெள்ளிக்கிழமை, மயோரானா நிறுவனத்துக்கு வந்தார். அன்று அவருக்கு வகுப்பில்லை. மாணவி ஜில்தா செனத்தோரேயை அழைத்து, ஒரு கோப்பைக் கையில் கொடுத்தார். அவர் வகுப்புகளுக்காகத் தாமே எழுதிய பாடக்குறிப்புகள் அதில் இருந்தன. அவற்றைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு நடைகூடத்தில் நடந்து போனார். பல கைகள் மாறிய அந்தத் தாள்கள் இப்போது பீசா நகரில், கலிலியோவின் பெயரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.